குருதியில் நஞ்சு, ஏட்டில் மௌனம்!

இறந்தவன் பேசமாட்டான். அவனுக்காகப் பேசவேண்டியது ஏடு. அந்த ஏடும் வாய்மூடிக் கிடக்குமாயின் அவனுக்கு நேர்ந்ததை யார் சொல்வார்?

சில மாதங்களுக்கு முன்னர் கணவனை இழந்த ஒரு தாய் நம்மிடம் வந்தார். கையில் ஒரு பை. பைக்குள்ளே மரணச் சான்றிதழும், விண்ணப்பம் எழுதி, அலைந்து திரிந்து பெற்ற சில வைத்தியசாலைக் கடதாசிகளின் பிரதிகளும் இருந்தன. கணவர் சிறுநீர் அடைப்பென்று தம் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். பன்னிரண்டாம் நாள் பெட்டியில் வீடு திரும்பினார். சான்றிதழில் மரண காரணம் என்ற இடத்தில் "இருதயம் நின்றமை" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மாள் நம்மைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஐயா, இவருக்கு இருதயத்திலை ஒரு வருத்தமும் இருக்கேல்லை. பிறகு என்னத்தாலை போனவர்?"

கடதாசிகளைப் புரட்டினோம். கடைசித் தாளுக்குப் பின்னே ஆய்வுகூட அறிக்கை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒன்பதாம் நாள் எடுத்த குருதியிற் பற்றீரியா வளர்ந்ததென்று அது சொன்னது. அவ்வறிக்கையைப் பற்றி எந்த வைத்தியரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. காய்ச்சல், குளிர், இரத்த அழுத்த வீழ்ச்சி, சிறுநீர் வற்றியமை எல்லாம் தாதியர் குறிப்பில் நாள்தோறும் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பெயரிட்ட கை மட்டும் இல்லை.

எந்த மனிதன் இருதயம் நில்லாமல் இறந்தான்? இருதயம் நிற்பது மரணம். மரணத்தின் காரணம் அன்று. இறக்கும் விதத்தைக் காரணமாக எழுதலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த சான்றிதழ் முறையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி மீறப்பட்டபோது ஒரு மனிதனுடைய சாவு கணக்கிலிருந்தே களவாடப்பட்டது. அவர் இறந்தது குருதித் தொற்றினால் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதற்கு நாம் வைத்தியரல்லர். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் விடை காணவும் வேண்டிய கடமை ஏட்டில் நிறைவேற்றப்படவில்லை என்பதைச் சட்டம் படித்த எவனும் காண்பான்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாம் எழுதப்போவதில்லை. நமது வழக்கு ஓர் ஆஸ்பத்திரியோடும் ஒரு வைத்தியரோடும் அன்று. குருதித் தொற்றை உள்ளபடி எழுதாமல் விடும் ஒரு வழக்கத்தோடு!

இது எழுத்தர் விவகாரமா?

"இதென்ன, எழுதுவினைஞர் பார்க்கவேண்டிய வேலை, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லுவோம்.

குருதியிற் பற்றீரியா காணப்படுவது ஒன்று. வைத்தியர்கள் அதனைப் பற்றீரீமியா என்பர். அப்படியே பல் துலக்கும்போதுகூடச் சிறிது நேரம் குருதியிற் பற்றீரியா புகுவதுண்டு. உடல் அதனைத் துடைத்துவிடும். தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல் நிலைதடுமாறித் தன்னையே தாக்கத் தொடங்கி, சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழப்பது வேறொன்று. அதுவே செப்சிஸ். இரத்த அழுத்தம் வீழ்ந்து மருந்தாலன்றி மீளாத நிலை செப்ரிக் ஷொக். முன்னது ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு. பின்னவை உயிரைக் கொல்லும் நோய்கள்.

இங்கேதான் நுணுக்கம். ஊசி குத்திய தோலிலிருந்த பற்றீரியா போத்தலிற் கலந்து, இல்லாத தொற்றை உள்ளதாகக் காட்டுவதுண்டு. மறுபுறம், குருதியில் ஒன்றும் வளராமலே நோயாளி செப்சிஸினால் மாள்வதும் உண்டு. ஆகவே ஆய்வுகூடத் தாள் தனித்து நின்று சாட்சி சொல்லமுடியாது. நோயாளியைத் தொட்டுப் பார்த்த வைத்தியர், "இது தொற்று, இன்ன இடத்தில் தொடங்கியது, இன்ன பற்றீரியா, இன்ன உறுப்பைக் கெடுத்தது" என்று தம் கையால் எழுதவேண்டும். அந்த எழுத்தைக்கொண்டே பதிவேட்டு உத்தியோகத்தர் சர்வதேச நோய் வகைப்பாட்டின் குறியீட்டை இடமுடியும். குறியீடுகளைக் கூட்டியே நாடு தன் நோயையும் சாவையும் எண்ணுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தே மருந்தும் கட்டிலும் ஆளும் பணமும் ஒதுக்கப்படுகின்றன.

வைத்தியர் எழுதாத வார்த்தை உத்தியோகத்தரின் குறியீட்டில் இல்லை. குறியீட்டில் இல்லாதது கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதது வரவு செலவுத் திட்டத்தில் இல்லை. இது எழுத்தர் விவகாரமா, குடிமக்களின் உயிர் விவகாரமா?

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

இந்தக் குறியீட்டுக் கலை மிக நுணுக்கமாக வளர்ந்ததும், பணத்துக்காக வளைந்து கொடுத்ததும் ஒரே நாட்டில். அதுதான் ஐக்கிய அமெரிக்கா. அங்கே நடந்ததை அறிந்தால் இங்கே எதைக் கேட்கவேண்டும், எதைத் தவிர்க்கவேண்டும் என்பது விளங்கும்.

அமெரிக்கரின் குறியீட்டு நூல் பெயரளவில் மிகக் கறாரானது. கிருமி இன்னதென்று அறியப்படாத செப்சிஸுக்கு ஏ 41.9. ஈ கோலி என்ற பற்றீரியாவினால் வந்ததாயின் ஏ 41.51. பற்றீரீமியா மட்டுமாயின் ஆர் 78.81, அது நோய்களின் அத்தியாயத்தில் இல்லை, அறிகுறிகளும் பரிசோதனை முடிவுகளும் அடங்கிய அத்தியாயத்தில் இருக்கிறது. உறுப்புகள் செயலிழந்த கடுஞ் செப்சிஸ் ஆயின் ஆர் 65.20 என்பதையும், ஷொக் நிலையாயின் ஆர் 65.21 என்பதையும் கூடச் சேர்க்கவேண்டும். நெஞ்சுக்கருகிலுள்ள பெருநாளத்தில் ஏற்றிய குழாயினால் வந்த குருதித் தொற்றுக்கு ரி 80.211 என்று தனிக் குறியீடே உண்டு.

அந்நூலின் விதிகளில் ஒன்று நம் உள்ளத்தைத் தொட்டது. சிறுநீர்த் தொற்று முற்றிய நோயாளிக்கு "யூரோசெப்சிஸ்" என்று எழுதுவது வைத்தியரின் பழைய பழக்கம். அச்சொல்லுக்கு அங்கே குறியீடே கிடையாது. அது சிறுநீர்த் தொற்றா, செப்சிஸா என்று எழுதிய வைத்தியரையே திருப்பிக் கேட்கவேண்டும் என்பது விதி. குருதி வளர்ப்புப் பரிசோதனையில் ஒன்றும் வளரவில்லை என்பதற்காகச் செப்சிஸ் இல்லையென்று கொள்ளலாகாது. ஐயமிருப்பின் அங்கும் வைத்தியரையே கேட்கவேண்டும். வைத்தியர் ஒன்றும் எழுதாதவிடத்து ஆய்வுகூடத் தாளை மட்டும் பார்த்துக் குறியீட்டாளர் நோயைத் தாமாகத் தீர்மானிக்கலாகாது. மழுப்பலான சொல்லை ஏற்காதே, எழுதியவனைக் கேள்! நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் எவருக்கும் இந்த விதியின் நியாயம் இனிக்கும். நம்மிடம் வந்த அம்மாளின் கணவருடைய ஏட்டை அப்படி ஒருவர் கையில் எடுத்திருந்தால், அந்த ஒன்பதாம் நாள் அறிக்கை ஊமையாய்க் கிடந்திருக்குமா?

நிற்க. விதி நன்று, ஆனால் அந்த விதிக்குப் பக்கத்தில் பணப்பெட்டியை வைத்தார்கள். அங்கேதான் கெட்டது.

பணம் வளைத்த கணக்கு

முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியாகிய மெடிகெயார், 1983 முதல் நோயின் வகைக்கேற்ப ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகை என்று வகுத்துக் கொடுக்கிறது. சிறுநீர்த் தொற்று என்று முடிந்தால் ஒரு தொகை. செப்சிஸ் என்று முடிந்தால் அதிலும் பெரிய தொகை. விளைவு யாது? செப்சிஸ் என்ற சொல்லைத் தேடி எழுதுமாறு வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் தொழிலே எழுந்தது.

அதன் பலனை 2017-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு தோலுரித்தது. 409 ஆஸ்பத்திரிகளின் ஏடுகளை ஆராய்ந்தார்கள். 2009 முதல் 2014 வரை, குறியீட்டுக் கணக்கின்படி செப்சிஸ் ஆண்டுக்கு 10.3 சதவீதம் பெருகியது. ஆனால் நோயாளரின் குருதிப் பரிசோதனை, மருந்து, உறுப்புகளின் நிலை ஆகிய நேர்ச் சான்றுகளைக்கொண்டு எண்ணியபோது, குறிப்பிடத்தக்க பெருக்கம் ஒன்றும் இல்லை! நோய் பெருகவில்லை, பெயர் பெருகியது. இலேசான நோயாளரும் அந்தப் பெயருக்குள் சேர்க்கப்பட்டபடியால் இறப்பு வீதம் விரைந்து குறைந்ததுபோலவும் தோன்றியது. இல்லாத கொள்ளைநோயும் இல்லாத வெற்றியும் ஒரே பேனையிற் பிறந்தன.

பெயரின் வரைவிலக்கணமும் இழுபறியாயிற்று. 1992-இல் வெளியான வரைவிலக்கணம் காய்ச்சல், நாடி, மூச்சு, வெண்குருதிக் கலம் ஆகிய நான்கில் இரண்டு பிறழ்ந்து, தொற்றும் இருந்தால் போதும் என்றது. 2016-இல் வந்த புதிய வரைவிலக்கணம் உறுப்புச் செயலிழப்பு இன்றிச் செப்சிஸ் இல்லை என்றது. பணம் கேட்கும் ஆஸ்பத்திரிக்கு முன்னது இனித்தது. பணம் கொடுக்கும் சில தனியார் காப்புறுதி நிறுவனங்கள் பின்னதைப் பிடித்துக்கொண்டன. ஒரே நோயாளிக்கு ஓர் அலுவலகத்தில் செப்சிஸ் உண்டு; மறு அலுவலகத்தில் இல்லை!

இது கூட்டிச் சொன்ன கதை. குறைத்துச் சொல்லத் தூண்டிய கதையும் உண்டு. 2008 ஒக்டோபர் 1 முதல், ஆஸ்பத்திரிக்குள்ளே வந்த குழாய்வழிக் குருதித் தொற்றுக்கு மேலதிகப் பணம் கிடையாது என்று மெடிகெயார் அறிவித்தது. ஒவ்வொரு நோய்க்கும் எதிரே, நோயாளி வந்தபோதே அது இருந்ததா என்று குறிக்கவேண்டும். விடைகள் நான்கு: இருந்தது; இல்லை; ஏட்டில் போதிய குறிப்பில்லை; வைத்தியரால் நிச்சயிக்க முடியவில்லை. இவற்றுள் மூன்றாவது விடையின் பலன் சட்டத்தரணிகள் மெச்சத்தக்கது. ஏட்டில் குறிப்பில்லையாயின், ஆஸ்பத்திரியில் வந்ததாகவே கொண்டு பணம் மறுக்கப்படும். மௌனம் எழுதவேண்டியவனுக்கே பாதகமாக நிற்கும்!

கொள்கை நல்லதுதான். ஆயினும் 2012-இல் 398 ஆஸ்பத்திரிகளைக்கொண்டு செய்த ஆய்வொன்று, அந்தத் தண்டனையினால் தொற்று வீதத்தில் அளவிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என்று கண்டது. முன்னரே குறைந்துகொண்டிருந்த வீதம் அவ்விதியால் மேலும் விரைந்து குறையவில்லை.

எதனால் குறைந்தது? மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒன்று சேர்ந்து செய்த முயற்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. அவர்கள் செய்த ஐந்து காரியங்களும் ஏழை நாடும் செய்யக்கூடியவை: கை கழுவு, குழாய் ஏற்றும்போது நோயாளியை முழுதாகப் போர்த்து, நீயும் கவசமணி, தோலைக் குளோர்ஹெக்சிடீனால் துடை, இயன்றவரை தொடைவழி ஏற்றாதே, தேவையற்ற குழாயை உடனே அகற்று. குழாய் இருந்த ஒவ்வோர் 1,000 நாளுக்கும் எத்தனை தொற்று என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையைச் செய்தவர்கள் பில் எழுதும் பகுதியினர் அல்லர். தொற்றுத் தடுப்புப் பகுதியினர். சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதத்துக்குள் 1.4 ஆக வீழ்ந்தது.

பணத்தைப் பிடித்தார்கள், பலன் தெரியவில்லை. எண்ணினார்கள், கழுவினார்கள், உயிர்கள் பிழைத்தன. இதுவே அமெரிக்கா கற்பிக்கும் பாடம். நோயின் பெயர் பணத்துக்கும் பழிக்கும் கைதியானால் பொய்யாகும். அறிவதற்காக எழுதப்பட்டால் மருந்தாகும்.

பழைய களவு

பெயரை மறைக்கும் களவு நேற்றுத் தொடங்கியதன்று. பிரசவத்தின் பின் தாய்மாரைக் கொன்ற பிரசவக் காய்ச்சலின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். அதுவும் பெரும்பாலும் குருதியில் ஏறும் நஞ்சே.

1795-இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் கோர்டன் ஒரு நூல் வெளியிட்டார். 77 பெண்களின் பட்டியல். ஒவ்வொருவருக்கும் பிரசவம் பார்த்தவர் யார் என்ற விவரம். நோய் மருத்துவிச்சிகளின் கையோடும் வைத்தியரின் கையோடும் வீடுவீடாகச் சென்றது என்பதை அந்தப் பட்டியல் காட்டிற்று. தாமே பல பெண்களுக்கு அதனைக் கொண்டுசென்றதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். எத்துணை நெஞ்சுரம்! ஊர் அவரைத் தூற்றியது. அவர் ஊரைவிட்டு மீண்டும் கடற்படைக்குச் சென்றார்.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் வென்றதும் ஏட்டைக்கொண்டே. மாணவர் பிரசவம் பார்த்த பகுதியில் 1846-இல் 100 தாய்மாருக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவிச்சிகள் பார்த்த பகுதியில் 3 பேருக்கும் குறைவு. இரண்டு பதிவேடுகளும் அருகருகே வைக்கப்பட்டபோதுதான் பிணவறையிலிருந்து வந்த மாணவரின் கை பிடிபட்டது. குளோரீன் நீரிற் கை கழுவச் செய்தார். 1848-இல் மாணவர் பகுதியின் இறப்பு 1.3 சதவீதத்துக்கு இறங்கியது.

இங்கிலாந்திலோ 1837 முதல் மரணப் பதிவு நடைபெற்றது; வில்லியம் ஃபார் என்ற பேரறிஞர் அதனைக் கணக்கிட்டார். பிரசவக் காய்ச்சல் என்று எழுதினால் பழி வருமென்று அஞ்சிய வைத்தியர்கள் "வயிற்றறை அழற்சி" என்று மட்டும் எழுதிப் பிரசவத்தை விழுங்கினர். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைத்த வித்தை இது. 1880-களில் பதிவாளர் நாயகம் என்ன செய்தார்? பிள்ளை பெறும் வயதுடைய பெண்ணுக்கு அப்படி ஐயத்துக்கிடமான காரணம் எழுதப்பட்டால், எழுதிய வைத்தியருக்கே இரகசியக் கடிதம் அனுப்பி, "இது பிரசவத்தோடு தொடர்புடையதா?" என்று கேட்டார். மறைந்த தாய்மார் பலர் கணக்கில் மீண்டும் தோன்றினர். பழிவாங்காமல் கேட்டால் உண்மை வரும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நமது தீவும் நமது கடமையும்

இன்று உலகம் எங்கே நிற்கிறது? 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாகி, 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான பெருங் கணிப்பொன்று கூறியது. உலகின் இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று! கணிப்பு என்று ஏன் சொல்கிறோம்? எண்ணியவர்கள் இல்லாதபடியால்! மரணச் சான்றிதழில் மூலநோய் எண்ணப்படும். இடையில் வந்து கொன்ற செப்சிஸ் எண்ணப்படுவதில்லை.

அதே 2017 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செப்சிஸின் பரம்பலை அறியச் சர்வதேச நோய் வகைப்பாட்டைச் சரியாகப் பயன்படுத்துமாறும், அப்பயன்பாட்டைத் திருத்துமாறும் அங்கத்துவ நாடுகளை அது கேட்டது. இலங்கை அந்நிறுவனத்தின் அங்கத்துவ நாடு. ஆகவே நாம் கேட்பது தயவன்று. நாட்டிடம் ஏற்கனவே கேட்கப்பட்ட கடமை.

நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளும் உள்நோயாளரின் நோயையும் மரணத்தையும் அவ்வகைப்பாட்டின்படி குறியீடிட்டுச் சுகாதார அமைச்சுக்கு அனுப்புகின்றன. அமைச்சு ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. அந்த அறிக்கைகளில் முன்னணி மரண காரணங்களை வரிசைப்படுத்தும் பட்டியலிலே "விலங்குவழி நோய்களும் பிற பற்றீரியா நோய்களும்" என்றொரு பெருந்தலைப்பு உண்டு. குருதி நஞ்சாதலும் எலிக்காய்ச்சலும் அந்த ஒரே கூடைக்குள் அடைபட்டுள்ளன. வயலில் வந்த நோயையும் வார்டில் வந்திருக்கக்கூடிய நோயையும் ஒரு பெயருக்குள் போட்டுக் கட்டினால், கைகழுவும் தொட்டி எந்த வார்டுக்கு வேண்டும் என்று எந்த அமைச்சருக்குத் தெரியும்?

ஆயினும் ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்கரிலும் பாக்கியசாலிகள். நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம். இங்கே குறியீட்டுக்கு விலையில்லை. செப்சிஸ் என்று எழுதினால் ஒரு சதம் கூடுவதுமில்லை. எழுதாவிட்டால் ஒரு சதம் குறைவதுமில்லை. பொய் எழுதத் தூண்டும் பணப்பெட்டி இல்லாத நாட்டிலும் உண்மை எழுதப்படவில்லை என்றால், அதற்குக் காரணம் அசட்டையும் அச்சமுமே அன்றி வேறென்ன?

அசட்டைக்குச் சொல்லப்படும் சமாதானம் நமக்குத் தெரியும். ஒரு வார்டில் கட்டிலுக்கும் நிலத்துக்குமாக நோயாளர் நிறைந்திருக்க, இரவுபகலாக நிற்கும் இளம் வைத்தியரிடம் இன்னும் ஒரு வரி எழுதென்று கேட்பது கொடுமை என்பர். அந்த வைத்தியரின் பாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி உயிர் காக்கும் வரி. செப்சிஸ் என்று பெயரிட்ட கணமே அடுத்த வைத்தியரின் கை மருந்துக்கு விரையும். பெயரிடாத நோய் வேளைமாறும்போது கைமாறாமல் தொலைந்துபோகும். நேரமில்லையென்பது எழுதாமைக்குக் காரணமன்று. ஆட்களை நியமிக்கவேண்டும் என்பதற்கே காரணம்.

அச்சம் வேறு விஷயம். எழுதினால் வழக்கு வரும், பழி வரும் என்ற அச்சம். இங்கே நமது தொழிலும் குற்றமற்றதன்று என்று ஒப்புக்கொள்கிறோம். ஏட்டில் தொற்று என்ற சொல்லைக் கண்டவுடன் வைத்தியர்மேல் பாய நினைக்கும் சட்டத்தரணியும் இந்த மௌனத்தை வளர்த்தவனே. குருதித் தொற்று வந்தது என்பது கவனயீனத்துக்கு நிரூபணமன்று. மிகச் சிறந்த கவனிப்பிலும் அது வரும். தொற்று ஒரு சம்பவம். கவனயீனம் ஒரு குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றாக்குபவர் உண்மையை எழுதும் கையை முறிப்பவராவர். ஆனால் வைத்தியப் பெருமக்களுக்கும் ஒன்று சொல்லுவோம். உடனுக்குடன் நேர்மையாக எழுதிய ஏடே உங்களுக்குச் சிறந்த சாட்சி. வெற்றுத் தாள் எவரையும் காத்ததில்லை. அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்குமேயன்றி நம்பிக்கைக்கு இடம் கொடாது.

நாம் கேட்பவை

நாம் கேட்பவை பலவல்ல, ஆறு.

1. குருதித் தொற்று என்று ஐயுற்றால் வைத்தியர் அதன் தொடக்க இடம், கிருமி, கெட்ட உறுப்பு ஆகிய மூன்றையும் பெயரிட்டு எழுதவேண்டும். அறியாவிடத்து "அறியப்படவில்லை" என்று எழுதட்டும்; அதுவும் உண்மையே. ஐயம் பின்னர் நீங்கினால் அதனையும் எழுதட்டும்.

2. சிகிச்சை தாமதமாகாதவாறு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்குமுன் குருதி எடுக்கப்படவேண்டும். முடிவு வந்ததும், நோயாளி இறந்த பின் வந்தாலும், அதன் பொருளை ஒரு வைத்தியர் ஒரு வரியிலாவது எழுதி ஒப்பமிடவேண்டும்.

3. தொற்று நோயாளியோடு வந்ததா, வந்த பின் தோன்றியதா, குழாய் எந்நாளில் ஏற்றி எந்நாளில் அகற்றப்பட்டது என்பன திகதியோடு பதியப்படவேண்டும்.

4. மழுப்பலான சொல்லைக் கண்டால் எழுதிய வைத்தியரையே திருப்பிக் கேட்கும் உரிமை பதிவேட்டு உத்தியோகத்தருக்கு எழுத்தில் வழங்கப்படவேண்டும். "இருதயம் நின்றமை" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் திருப்பி அனுப்பப்படவேண்டும்.

5. ஆஸ்பத்திரியில் வந்த குருதித் தொற்றின் எண்ணிக்கை தண்டனைக்கும் இடமாற்றத்துக்கும் கருவியாகாமல், தனிக் கணக்காக ஆண்டுதோறும் வெளியிடப்படவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறிய நாட்டில், மக்கள் கேட்டுப் பெறவேண்டிய நிலைக்கு இதனை விடுவது வெட்கக்கேடு.

6. துண்டு வெட்டி அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன நோய் வந்தது, எதனால் வந்தது என்பதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அவர்கள் பேசும் மொழியில் எடுத்துச் சொல்லவேண்டும். மரணமாயின் இக்கடமை இரட்டிப்பாகும்.

இவற்றுள் எதற்குப் பெரும் பொருள் வேண்டும்? எதற்குப் பிறநாட்டுக் கடன் வேண்டும்? வேண்டியது ஒரு பேனையும், அதைப் பிடிக்கும் நேர்மையும், அந்த நேர்மைக்குக் காவலாக நிற்கும் ஒரு விதியுமே.

மக்களுக்கும் ஒரு சொல். கோயில் திருவிழாவுக்கு உபயகாரர் கணக்குக் காட்டாவிட்டால் சபை கூட்டிக் கேட்கிறோம். சங்கக் கடையில் ஒரு மூடை அரிசி குறைந்தால் கேட்கிறோம். நம் தாயும் தந்தையும் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கை மட்டும் கேளாமல் நெற்றியிலிட்ட எழுத்தென்று கைகட்டி நிற்கலாமா? கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்.

அந்த அம்மாளுக்கு நாம் விடை சொல்லமுடியவில்லை. வழக்காட அவர் வரவில்லை. இழப்பீடு கேட்கவும் வரவில்லை. ஒரு சொல்லைத் தேடி வந்தார். கணவரின் உயிரைக் கொண்டுசென்றதன் பெயர் அது. பத்து வயதுப் பேரன் கேட்கும்போது சொல்வதற்கு அவருக்கு அந்தப் பெயர் வேண்டும். அடுத்த கட்டிலில் இன்று படுத்திருப்பவனைக் காப்பதற்கு நாட்டுக்கும் அதே பெயர்தான் வேண்டும்.

குருதியில் நஞ்சு ஏறுவதை எப்போதும் தடுக்க மனிதனால் இயலாமற் போகலாம். ஏட்டில் மௌனம் ஏறுவதைத் தடுக்க இன்றே இயலும். எழுதுங்கள்! உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்!